கழுவாத பதக்கம்

பதக்கம் கொடுப்பது மேலிடத்தின் வேலை. அதைக் கழுவுவது பிளட்டூனின் வேலை. கழுவாத பதக்கம் வெறும் தகரம் என்பது எங்கள் படையில் குதிரைக்காரனுக்கும் தெரியும், குதிரைக்கும் தெரியும். மக்கில் வோட்காவை ஊற்றிப் பதக்கத்தை அதற்குள் போட வேண்டும். வாங்கியவன் ஒரே மூச்சில் குடித்து, அடியில் கிடப்பதைப் பல்லால் கவ்வி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சட்டையில் குத்தலாம். இதை எந்த ராணுவ விதியிலும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

கழுவாமல் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரமும் இருந்தது. பக்கத்துக் கம்பெனியில் ஒரு கார்ப்பரல் அவசரம் தாங்காமல் கழுவாத பதக்கத்தோடு கக்கூசுக்குப் போனான். ஜெர்மன்காரன் அந்த வாரம் முழுவதும் சுட்ட ஒரே பீரங்கிக் குண்டு அங்கே போய் விழுந்தது. ஆள் பிழைத்துக்கொண்டான். ஆனால் அருகில் போய் நலம் விசாரிக்கத்தான் வெகுநாள் வரைக்கும் யாரும் முன்வரவில்லை.

இப்படிப்பட்ட படையில், 1943ஆம் வருஷத்து இலையுதிர் காலத்தில், பெலாரஸ் மண்ணில் லுச்சினா ஆற்றங்கரையில், 'வீரத்துக்காக' என்று சிவப்பு எழுத்தில் பொறித்த வெள்ளிப் பதக்கத்தை மேலிடம் யாருக்குக் கொடுத்தது என்று கேளுங்கள். சவ்வாத்திக்கு. வோட்கா வாடை அடித்தாலே சிலுவைக்குறி போட்டுக்கொள்கிற சவ்வாத்திக்கு.

அவன் யூரல் மலைக்கு அந்தப் பக்கத்துப் பழைய சம்பிரதாயக்காரன். அவனுடைய ஆட்கள் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பாதிரிமார்களோடு சண்டை போட்டுக்கொண்டு காட்டுக்குள் போனவர்கள். சண்டை இன்னும் முடியவில்லை. இரண்டு விரலால்தான் சிலுவை போடுவார்கள். புகையிலை ஆகாது, குடி ஆகாது, அடுத்தவன் வாய் வைத்த பாத்திரம் ஆகவே ஆகாது. சவ்வாத்தி இடுப்பில் எப்போதும் ஒரு மரக் கிண்ணம் தொங்கும். அதைத் தெரியாமல் தொட்ட சமையல்காரன் ஒருவன், பிறகு வேறு ரெஜிமெண்டுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டான். சவ்வாத்தியின் தாடியை எடுக்க வைக்க வந்த மூன்று தளபதிகளும் தோற்றுத் திரும்பினார்கள். மூன்றாமவர் போகும்போது தானும் தாடி வளர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டே போனதாகக் கேள்வி.

தினம் ஆளுக்கு நூறு கிராம் வோட்கா என்பது போர்முனையில் அரசாங்கக் கணக்கு. சவ்வாத்தியும் தன் பங்கை வரிசையில் நின்று வாங்குவான். வாங்கி, பத்தடி தள்ளிப் போய், மண்ணில் கவிழ்த்துவிடுவான். "எங்களுக்குக் கொடுத்தா என்னடா பாவி?" என்று கேட்டால், "நான் குடிச்சா ஒரு பாவம். உனக்குக் கொடுத்தா உன் பாவமும் என் கணக்குல வரும்" என்பான். ஜெர்மன் டாங்கி நேருக்கு நேர் வந்தபோதுகூட அழாதவர்கள் அந்த இடத்து மண்ணைப் பார்த்து அழுதார்கள்.

ஆனால் கண்ணிவெடி எடுப்பதில் அவனுக்கு இணை கிடையாது. நாங்கள் எல்லாம் இரும்பு முனை வைத்த கம்பால் மண்ணைக் குத்திக் குத்தித் தேடுவோம். அவன் வெறுங்காலால் தேடுவான். கண்ணி இருந்தால் பாதம் கூசும் என்பான். ஒரு உருளைக்கிழங்கு வயலைச் சுத்தம் பண்ணச் சொன்னதற்கு, கண்ணிகளை ஒரு பக்கமும் கிழங்குகளை ஒரு பக்கமுமாகக் குவித்துவிட்டு வந்து நின்றான். பதக்கம் அதற்குத்தான். மேலிடம் கண்ணிக்குக் கொடுத்தது. எங்களைக் கேட்டிருந்தால் கிழங்குக்குக் கொடுத்திருப்போம்.

நான் அந்த பிளட்டூனில் சார்ஜென்ட். அப்பா பெயரைச் சொல்லி 'எர்மொலாயிச்' என்றுதான் பையன்கள் கூப்பிடுவார்கள். எங்கள் லெப்டினென்ட் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டதால், பிளட்டூன் மொத்தமும் என் தலையில்.

அரசியல் அதிகாரி கேப்டன் ஷூபின் மத்தியானம் வந்தார். சவ்வாத்தியை முன்னால் கூப்பிட்டுக் கைகுலுக்கிப் பதக்கத்தை உள்ளங்கையில் வைத்தார். அப்படியே என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு விடியறப்போ கம்பெனி ஆத்தைக் கடக்குது. அதுக்கு முன்னாடி நடந்து கடக்கிற துறையில உள்ள கண்ணியெல்லாம் எடுத்து வழி போட்டிருக்கணும். இல்லேன்னா, தோழர் சார்ஜென்ட், நீங்க தண்டனைக் கம்பெனிக்குப் போக வேண்டியிருக்கும்."

"வழி போட்டுடலாம் தோழர் கேப்டன். சவ்வாத்தி முன்னால போவான், மத்தவங்க அவன் தடத்துல போவாங்க."

எனக்குப் பின்னால் ஒரு தொண்டை செருமியது. அது ஸினோவி. ஒடெஸா துறைமுகத்துக்காரன். வாயை வாடகைக்கு விட்டுப் பிழைக்கலாம், அப்படிப்பட்ட வாய். கேப்டன் போகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டுச் சொன்னான்:

"எர்மொலாயிச், கோவப்படாதீங்க. அவன் பின்னால ஒருத்தனும் போக மாட்டான்."

"ஏன்டா?"

"கழுவலையே."

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. மிச்சமிருந்த டஜன் பேரும் தலையை ஆட்டினார்கள். அதில் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர்கள் மூன்று பேர். அவர்கள்தான் பலமாக ஆட்டினார்கள்.

"அவன் செத்தா அவன் பாடு," என்றான் ஸினோவி. "கழுவாத பதக்கக்காரன் கால் வெச்ச இடத்துல நாங்க எதுக்குக் கால் வைக்கணும்?"

"பதக்கத்தைக் கழட்டிப் பையில போட்டுட்டுப் போகட்டும்."

"பையில போட்டா அதுக்குத் தெரியாதா என்ன?"

இந்த மாதிரி ஆளிடம் என்ன பேசுவது? நான் சவ்வாத்தியிடம் போனேன். அவன் மரத்தடியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"சவ்வாத்தி, ஒரே ஒரு மடக்கு. மருந்துன்னு நெனச்சுக்கோ."

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியே எர்மொலாயிச்."

"நாளைக்கு எனக்கு வரும்டா. தண்டனைக் கம்பெனியில வரும்."

"உங்களுக்காக வேண்டிக்கிறேன்."

துலேகெனை அனுப்பினேன். அவன் கஸாக் புல்வெளிக்காரன், ஐந்து வேளையும் தொழுகிறவன். கோடையில் அவனும் இதே பதக்கம் வாங்கியிருந்தான்.

"அண்ணே, எனக்கும் ஆகாதுதான்," என்றான் துலேகென் பக்கத்தில் உட்கார்ந்து. "ஆனா பதுங்குகுழிக்குள்ள போய்க் குடிச்சேன். மேல மூணு அடுக்கு மரக்கட்டை, அதுக்கு மேல மண்ணு. அவ்வளவு தாண்டி ஆண்டவன் பாப்பானா என்ன?"

சவ்வாத்தி யோசித்துவிட்டுக் கேட்டான். "மூணு அடுக்குன்னா பீரங்கிக் குண்டு உள்ள வருமா, வராதா?"

"நேரா விழுந்தா வரும்."

"குண்டு வர எடத்துல ஆண்டவன் பார்வை வராதா?"

துலேகென் எழுந்து வந்துவிட்டான். சாயங்காலம் தனியாக உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். சமாதானம் பேசப் போனவனையும் கெடுத்துவிட்டான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, அவனுக்குப் பதிலாக வேறொருவன் குடிக்கட்டும் என்று ஏற்பாடு செய்தேன். குடிக்கத் தயாராக, துலேகெனைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். ஆனால் அப்படிக் குடித்தால் பதக்கம் யாருக்கு என்று ஒருவன் கேட்டுத் தொலைத்தான். குடித்தவனுக்கு என்று ஒரு கட்சி, குத்துகிறவனுக்கு என்று ஒரு கட்சி. அரை மணி நேரத்தில் இரண்டு பேருக்கு மூக்கு உடைந்தது. பதக்கம் சவ்வாத்தியிடமே திரும்பி வந்தது, உலர்ந்தபடியே.

வேறு வழியில்லாமல் கேப்டன் ஷூபினிடமே போய்ச் சொன்னேன். அவர் வந்து எல்லோரையும் நிற்க வைத்து நீளமாகப் பேசினார். மூட நம்பிக்கை ஜார் காலத்துக் குப்பை என்றார். சோவியத் வீரனைக் காப்பது விஞ்ஞானமும் ஒழுக்கமும்தான் என்றார். ஒரு மக்கு வோட்காவிலா வீரம் இருக்கிறது என்று கேட்டார். நன்றாகத்தான் பேசினார். நானே கைதட்டினேன். பேசி முடித்துவிட்டு என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"நாளைக்கு நானும் இவங்க போட்ட வழியிலதான் வரணும்."

"ஆமா, தோழர் கேப்டன்."

"அப்ப எப்படியாவது கழுவித் தொலைங்களேன் ஐயா!"

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. நேராக மரத்தடிக்குப் போய்ப் போர்முனைக்கே கேட்கும்படி கத்தினேன். "டேய் சவ்வாத்தி! உனக்கு இப்ப என்னதான்டா வேணும்? கழுவறது தப்புங்கிறியா?"

அவன் நிதானமாக எழுந்து நின்றான்.

"யார் தப்புன்னு சொன்னது? கழுவித்தான் ஆகணும். கழுவாத பொருளை நெஞ்சுல வெச்சுக்கிறது எனக்கே பிடிக்கலை."

"அப்புறம் என்ன கேடு?"

"நீங்க பண்றது கழுவுறதா எர்மொலாயிச்? மக்குல போட்டு எச்சில் பண்றீங்க. அதுக்குப் பேரு கழுவுறதா? ஓடுற தண்ணியில, முழுசா, மூணு தடவை முங்கி எந்திரிக்கணும். எங்க ஊர்ல பொறந்த குழந்தையிலேர்ந்து அப்படித்தான். தலையில ரெண்டு சொட்டுத் தெளிச்சு விட்டா அது கழுவுனது ஆகாது."

மத்தியானத்திலிருந்து இவனிடம் குடி, குடி என்றுதான் எல்லோரும் பேசியிருக்கிறோம். கழுவு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இதை பிளட்டூனிடம் எடுத்துப் போனால் அங்கே புதுச் சண்டை. தண்ணீரில் கழுவினால் செல்லுமா, செல்லாதா?

"ஆத்துத் தண்ணியில என் சட்டையைக்கூடத்தான் கழுவுறேன். அதுக்காகச் சட்டை என்ன வீரச் சட்டையா?" என்றான் ஸினோவி.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "வோட்காவுல சாராயம் எவ்வளவு?"

"நூத்துக்கு நாப்பது."

"மிச்சம் அறுபது?"

ஸினோவி விரலை மடக்கி எண்ணினான். "தண்ணி."

"அப்ப இவ்வளவு நாளா பதக்கத்தைப் பெரும்பாலும் எதுலடா கழுவிக்கிட்டு இருந்தீங்க?"

கணக்கு என்று வந்தால் ஒடெஸாக்காரன் அடங்கிவிடுவான். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள். எல்லோர் கண் முன்னாலும் நடக்க வேண்டும், மூன்று முங்கலும் முழுசாக இருக்க வேண்டும்.

விடியற்காலையில் மூடுபனி. ஆற்றில் பால் கொதித்துப் பொங்கியது போல இருந்தது. எதிர்க்கரையில் ஜெர்மன்காரன் மெஷின் துப்பாக்கி வைத்திருந்தான். எங்களுக்கு அவனும் தெரியவில்லை, அவனுக்கு நாங்களும் தெரியவில்லை. கரையோரத்தில் பிளட்டூன் வரிசையாக உட்கார்ந்துகொண்டது. சவ்வாத்தி உள்ளாடையோடு நின்று, நெஞ்சில் பதக்கத்தைக் குத்தி, இரண்டு விரலால் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினான். தண்ணீரில் இறங்கினதும் எங்கள் பற்கள்தான் கிட்டித்தன. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதல் முங்கல். எழுந்தான். பதக்கம் மின்னியது. "ஒண்ணு" என்றார்கள் எல்லோரும்.

இரண்டாவது முங்கல். எழுந்தான். "ரெண்டு."

மூன்றாவது முங்கல். எழுந்தான். நெஞ்சில் நாடா இருந்தது, ஊசி இருந்தது. கீழே தொங்க வேண்டிய வெள்ளி இல்லை.

யாரும் மூன்று என்று சொல்லவில்லை.

"போச்சு," என்றான் ஸினோவி. "போச்சு, போச்சு! மூணாவது தடவை உள்ள போனது வெளிய வரலை. அப்ப அது ரெண்டு கழுவலா, மூணு கழுவலா?"

"முங்குச்சு இல்ல? மூணுதான்டா!" என்றேன்.

"முங்கி எந்திரிச்சாத்தானே ஒரு முங்கல்? இது அரையும் குறையுமா கழுவினது எர்மொலாயிச்! கழுவாததே தேவலாமே! இது அவனை மட்டுமா கொல்லும்? பாத்துக்கிட்டு உக்காந்திருந்த அத்தனை பேரையும் இழுத்துக்கிட்டுப் போகும்!"

அவ்வளவுதான். பிளட்டூன் மொத்தமும் ஆற்றில் இறங்கியது. நான் மட்டும் கரையில் நின்று, துப்பாக்கியை விட்டுவிட்டு இறங்குகிறவனை நானே சுடுவேன் என்று கத்தினேன். அதனால் துப்பாக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். சட்டை, கால்சட்டை, பூட்ஸ் எல்லாம் கரையில். கடைசியில் அவர்களைத் திட்டிக்கொண்டே நானும் இறங்கினேன். தனியாகக் கரையில் நின்றால் கேப்டனுக்கு யார் பதில் சொல்வது?

முன்னால் சவ்வாத்தி, வெறுங்காலால் ஆற்றடியைத் துழாவிக்கொண்டு. அவன் தடத்தில் மற்றவர்கள், குனிந்து கையால் துழாவிக்கொண்டு. நீரோட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று அவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனார்கள்.

"கெடச்சிருச்சு!" என்றான் சவ்வாத்தி.

"என்ன, என்ன?"

"ச்சே. கண்ணி."

"கண்ணி எவனுக்குடா வேணும்? பதக்கத்தைத் தேடு!"

"இங்க ஏதோ வட்டமா இருக்கு..."

"எவ்ளோ பெரிசு?"

"சாப்பாட்டுத் தட்டு அளவு."

"அப்ப அதை விட்டுத் தொலை!"

அவனும் எங்கெல்லாம் பாதம் கூசியதோ அங்கெல்லாம் அடையாளத்துக்கென்று அக்குளில் இடுக்கி வந்த கட்டிலிருந்து ஒரு விளார்க் குச்சியை நட்டுவிட்டு நகர்ந்தான். அது அவனுக்குக் கைப்பழக்கம். நாங்கள் குச்சிகளைச் சுற்றிக்கொண்டு போனோம். அது எங்களுக்குக் கால்பழக்கம். இடையில் ஒருவன் செருப்பு ஒன்றை எடுத்தான். ஒருவன் பெரிய ஆற்று மீன் ஒன்றைப் பிடித்து, யாரும் பார்க்காதபோது உள்ளாடைக்குள் சொருகிக்கொண்டான். மீன் உயிரோடு இருந்ததால் எல்லோரும் பார்த்தார்கள்.

இவ்வளவு சத்தத்துக்கும் ஜெர்மன்காரன் ஏன் சுடவில்லை என்று கேட்பீர்கள். பிறகு பிடிபட்டவர்களே சொன்னார்கள். தாக்க வருகிறவன் சத்தமில்லாமல் வருவான் என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். இப்படிக் கத்திச் சண்டை போட்டுக்கொண்டு வருவதற்குப் பாடம் இல்லையாம்.

தண்ணீர் இடுப்புக்கு இறங்கியது, முழங்காலுக்கு இறங்கியது. குனிந்தபடியே துழாவிக்கொண்டு போன ஸினோவி ஒரு பூட்ஸைப் பிடித்தான்.

"இது எவன் பூட்ஸ்டா?" என்று இழுத்தான். பூட்ஸுக்குள் கால் இருந்தது. காலுக்கு மேலே ஒரு ஜெர்மன்காரன், கையில் காப்பியோடு.

பனிக்குள்ளிருந்து உள்ளாடையும் துப்பாக்கியுமாக, நீலம் பாய்ந்து, நடுங்கிக்கொண்டு, தாடிக்காரன் ஒருவன் தலைமையில் டஜன் பேர் வருவதைப் பார்த்து அந்தக் குழியிலிருந்த ஏழு பேரும் கையைத் தூக்கினார்கள். ஒடெஸா துறைமுகத்தில் பாதிப் பேரைப் போல ஸினோவிக்கும் கொஞ்சம் ஜெர்மன் தெரியும். கையை இறக்கச் சொன்னான். இறக்கி, தண்ணீரில் இறங்கித் தேடச் சொன்னான். நான் தடுத்திருக்காவிட்டால் அந்த ஏழு பேரும் அன்று முழுவதும் எங்களுக்காகப் பதக்கம் தேடியிருப்பார்கள். ஒருவன் ஏற்கனவே பூட்ஸைக் கழற்றிவிட்டான்.

நாங்கள் விட்டுவந்த கரையில் கேப்டன் ஷூபின் கம்பெனியோடு வந்து பார்த்திருக்கிறார். எங்கள் துணிமணி மட்டும் வரிசையாகக் கிடக்கிறது. பிளட்டூனே ஓடிப்போய்விட்டது என்று முடிவு கட்டி, என்னைச் சுடுவதற்கான உத்தரவை மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தபோது, எதிர்க்கரையிலிருந்து நான் திட்டுவது கேட்டிருக்கிறது. குச்சிகளுக்கு நடுவே நடந்து கம்பெனி முழுவதும் கடந்தது. ஒருவனுக்கும் ஒரு கீறல் இல்லை.

கேப்டன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் சவ்வாத்தியின் நெஞ்சில் வெறும் நாடாவைப் பார்த்துவிட்டார்.

"பதக்கம் எங்க?"

"ஆத்துல," என்றான் சவ்வாத்தி.

கேப்டன் தலையில் கை வைத்தார். அரசாங்கப் பதக்கம் போரில் தொலைந்தால் வேறு கொடுப்பார்கள். கவனக்குறைவால் தொலைந்தால் விசாரணைதான்.

"தோழர் சார்ஜென்ட், இது சண்டையில தொலைஞ்சதா, குளிக்கிறப்போ தொலைஞ்சதா?"

"சண்டையிலதான், தோழர் கேப்டன்."

"சண்டை எப்ப ஆரம்பிச்சுது?"

"நேத்து மத்தியானம். நீங்க பதக்கத்தைக் கொடுத்துட்டுப் போன உடனே."

அவர் பேனாவைத் திறந்தார். பிறகு அப்படியே எழுதிக் கொடுத்தார்.

நல்ல மனுஷர். அவர் எழுதினது பலித்தது. ஜனவரியில் இன்னொரு ஆற்றங்கரையில் நாங்கள் கிடந்தபோது, புதுப் பதக்கம் வந்துவிட்டது. கேப்டனே கொண்டுவந்து சவ்வாத்தியின் உள்ளங்கையில் வைத்தார்.

"நாளைக்குக் காலையில ரயில் பாதை ஓரமா கண்ணி எடுக்கணும், எர்மொலாயிச்," என்றார். சொல்லிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, வேகமாகக் கிளம்பிப் போய்விட்டார்.

எனக்குப் பின்னால் ஒரு தொண்டை செருமியது.

"வாயைத் திறக்காதே," என்றேன் திரும்பாமலே.

"நான் என்ன சொல்லிட்டேன்? புதுசா இருக்கே, காஞ்சு கிடக்கேன்னு பாத்தேன்."

"டேய், ஆள் அதே ஆள். செஞ்ச வேலை அதே வேலை. ஏற்கனவே ஆத்துல முங்கியாச்சு. இன்னும் என்னடா?"

"முங்கினது பழைய பதக்கம் இல்லையா? ஆளையா கழுவுறோம்?"

டஜன் பேரும் தலையை ஆட்டினார்கள். இந்தத் தடவை துலேகென்தான் பலமாக ஆட்டினான். நான் உதவிக்குச் சவ்வாத்தியைப் பார்த்தேன். அவன் பதக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். போர் தொடங்கிய நாளிலிருந்து ஸினோவி சொன்ன எதையும் அவன் ஏற்றுக்கொண்டதில்லை.

"ஸினோவி சொல்றது நியாயம்தான்," என்றான்.

வெளியே ஆறு கரைக்குக் கரை உறைந்து கிடந்தது. அதன் மேல் லாரி போய்க்கொண்டிருந்தது. சவ்வாத்தி தாடியைத் தடவியபடி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு என்னிடம் ஒரு கோடரி கேட்டான். எடுத்துவர நானே போனேன். வேறு யாரை அனுப்பியிருந்தாலும் அதையும் முதலில் கழுவ வேண்டும் என்று வந்து நிற்பான்.